வடவெல்லை காத்த அச்சுத் தொழிலாளி

எடப்பாடியிலே தறித்தெருத் தேநீர்க் கடைப் பலகையில் சென்ற கிழமை ஒரு பேச்சு நடந்தது. பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு, பெல்காம் யாருக்கு என்று மராட்டியமும் கருநாடகமும் இன்னும் மோதிக்கொண்டிருக்கும் செய்தியை ஒரு தோழர் உரக்கப் படித்தார். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், விசைத்தறிப் பட்டறையில் இரவு வேலை முடித்து வந்தவர், நமக்கும் இப்படி எல்லைத் தகராறு ஏதும் உண்டா அண்ணே என்று கேட்டார். இருந்தது என்றேன். எப்போது தீர்ந்தது, யார் தீர்த்தார் என்றார். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக் கூடிய கதையா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்கு நம் ஊர்க் காவடிகள் பழனிக்கு நடக்கின்றன. அதே முருகனுக்குத் திருத்தணியிலும் ஒரு மலை இருக்கிறது. இன்று அது தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஊர். ஆனால், 1953 அக்டோபர் முதல் 1960 மார்ச் முடிய ஆறரை ஆண்டுகள் அந்தத் திருத்தணி ஆந்திர அரசின் ஆட்சிக்குள் இருந்தது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அது திரும்பி வந்தது தானாக அல்ல. பட்டாளம் போய்ப் பிடித்து வந்ததும் அல்ல. இரண்டு மாநிலங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து, கிராமம் கிராமமாகக் கணக்குப் பார்த்து, கொடுத்தும் வாங்கியும் முடித்த காரியம் அது. அந்த மேசையை நோக்கி இரு அரசுகளையும் தள்ளிக்கொண்டு போனவர்களில் முதல்வர், மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காத ஓர் அச்சுக்கூடத் தொழிலாளி. ம.பொ. சிவஞானம் அவர் பெயர். ம.பொ.சி. என்றால் நாடு அறியும்.

1906 ஜூன் 26ஆம் நாள் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஓர் ஏழைக் குடிசையில் பிறந்தார். தந்தை பொன்னுசாமி, தாய் சிவகாமி. கள் இறக்கும் தொழிலுக்குரிய கிராமணி மரபு. பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். ஆனால், பாடப் புத்தகம் வாங்கக் காசில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தாயார் வாய்வழியாகச் சொன்ன பழங்கதைகளும் அம்மானைப் பாடல்களுமே அவருக்குக் கல்லூரி.

படிப்பு நின்ற பிள்ளைக்கு வேலை வேண்டுமே! தோழர்களே, இதை நம் ஊரார் கவனிக்க வேண்டும்: அந்தச் சிறுவன் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று நெசவு. தார் சுற்றி, பாவு பிணைத்து, நாடா அடித்துப் பழகிய கைகள் அவை. பிறகுதான் அச்சுக்கூடம் போனார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாகப் படித்து, வரி வரியாகக் கோக்கும் வேலை. விரல் நுனி கறுக்கும், கண் எரியும், ஈயத்தின் நஞ்சு உடம்பில் ஏறும். அந்தக் கூலிக்கு அவ்வளவு பாடு. ஆனால், அச்சுக்கோப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எழுத்தாளன் எழுதியதை ஊரில் எல்லாருக்கும் முன்னால் படிக்கிறவன் அவன்தான்! பள்ளிக்கூடம் தராத தமிழை ம.பொ.சி. அந்த ஈய எழுத்துகளிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அவர் அச்சுக்கோத்த பத்திரிகை எது தெரியுமா? டாக்டர் வரதராஜுலு நாயுடு நடத்திய ‘தமிழ்நாடு’. அந்த நாயுடு யார்? நம் பக்கத்து இராசிபுரத்தில் பிறந்தவர். சேலத்தில் பத்திரிகையைத் தொடங்கிப் பிறகு சென்னைக்குக் கொண்டுபோனவர். நாயுடு மரபிலே பிறந்த ஒருவர் தம் பத்திரிகைக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்தார். மாநிலத்துக்கு அந்தப் பெயர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால்! தமிழுக்கும் தெலுங்குக்கும் பகை என்று பேசுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காந்தியடிகளின் இயக்கம் அவரை இழுத்துக்கொண்டது. காங்கிரசிலே சேர்ந்தார், சிறை சென்றார். மதுவிலக்குப் பிரச்சாரத்தில் அவர் இறங்கியது சாதாரணச் செய்தி அல்ல. கள்ளை நம்பிப் பிழைத்த தம் சொந்த மரபினரிடமே போய், அந்தத் தொழில் வேண்டாம் என்று சொன்னார். ‘கிராமணி குலம்’ என்று ஓர் ஏடே அதற்காக நடத்தினார். வீட்டாரின் வசவும் உறவினரின் பகையும் அதற்குக் கிடைத்த கூலி. இராஜாஜி 1937 அக்டோபர் முதல் நாள் மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில் என்பது முதியவர்களுக்கு நினைவிருக்கும். இராஜாஜியை ம.பொ.சி. தலைவராக ஏற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் பிடித்து வேலூரில் அடைத்தார்கள். அங்கிருந்து மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வெயிலும் அந்தச் சோறும் அவர் வயிற்றைக் கெடுத்தன. எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வந்தார். வாழ்நாள் முழுதும் அந்த வயிற்று நோய் அவரை விடவில்லை. ஆனால், சிறையில் படித்த சங்க நூல்களும் சிலப்பதிகாரமும் அவரை வேறு மனிதராக்கின. வேங்கடத்திலிருந்து குமரி வரை என்று பழந்தமிழ் நூல்கள் வரையும் எல்லை, படிக்கிறவர் பலருக்கு வெறும் வரி. அவருக்கு அது ஒரு வேலைத் திட்டமாகத் தெரிந்தது. பின்னாளில் அறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை அவருக்குச் சிலம்புச் செல்வர் என்று பட்டம் சூட்டினார். வ.உ. சிதம்பரனார் வரலாற்றைக் கப்பலோட்டிய தமிழன் என்ற பெயரில் எழுதியதும் இவர்தான். அந்தப் பெயரில் 1961இல் வந்த திரைப்படத்தை நம் ஊர்க் கொட்டகைகளில் பார்த்து அழாதவர் யார்?

1946 நவம்பர் 21ஆம் நாள் தமிழரசுக் கழகம் பிறந்தது. மொழிவழி மாநிலம் வேண்டும். அந்த மாநிலத்துக்கு எல்லை திட்டமாக இருக்க வேண்டும். இதுதான் அதன் சாரம். அன்றைய சென்னை மாகாணம் எப்படி இருந்தது என்று இன்றைய இளைஞர்க்குச் சொல்ல வேண்டும். தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் ஒரே பாவில் ஓடிய துணி அது. வெள்ளைக்காரன் தான் பிடித்த வரிசையில் தைத்து வைத்தானே ஒழிய, பேசுகிற மொழியைப் பார்த்துத் தைக்கவில்லை. சித்தூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து ஒரு துண்டு, கடப்பையிலிருந்து ஒரு துண்டு, கார்வேட்டி நகர் ஜமீன், காளத்தி ஜமீன் எல்லாம் சேர்த்து ஒட்டுப்போட்டு ஆக்கிய மாவட்டம் அது. மதனப்பள்ளிப் பக்கம் போனால் முழுத் தெலுங்கு. திருத்தணிப் பக்கம் வந்தால் தமிழ். நடுவிலே ஒரே தெருவில் இரண்டும். கச்சேரி ஒரு மொழியில், வீடு ஒரு மொழியில் என்று வாழ்ந்த மக்கள்.

அந்தப் பகுதியில் மங்கலங்கிழார் என்று ஒரு தமிழாசிரியர் இருந்தார். ஊர் ஊராக நடந்துபோய், கூலி கேட்காமல் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். மேடையிலே நின்று முழங்கத் தெரியாத மனிதர். ஆனால், வடவெல்லைப் போராட்டத்துக்கு அவர் போட்ட பாவில்தான் மற்றவர்கள் ஊடை ஓட்டினார்கள் என்று நான் கருதுகிறேன். அவரும் திருத்தணி கே. விநாயகமும் அழைக்க, ம.பொ.சி. அங்கே போனார். நாடு விடுதலை பெற்ற அதே 1947 ஆகஸ்டு மாதத்தில், ஊரெல்லாம் கொடியேற்றிக் களித்துக்கொண்டிருக்க, அவர் தோழர்களைக் கூட்டிக்கொண்டு வேங்கட மலையை நோக்கிப் புறப்பட்டார். வரவேற்பு இருந்த இடமும் உண்டு, எதிர்ப்புக் கூச்சல் காத்திருந்த இடமும் உண்டு. காங்கிரஸ் மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. சுதந்திரம் வந்த மறுநாளே எல்லைச் சண்டையா என்று முகம் சுளித்தார்கள்.

ஆந்திரத் தோழர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுக்கும் ஒரு மாநிலம் வேண்டும். அது நியாயம், ம.பொ.சி.யும் அதை நியாயம் என்றே ஒப்புக்கொண்டார். தகராறு சென்னை நகரத்தில் வந்தது. 1949இல் நேரு, பட்டேல், பட்டாபி மூவர் குழு, சென்னை மீதுள்ள உரிமைக் கோரிக்கையை ஆந்திரர் விட்டால்தான் மாநிலம் என்று சொல்லிவிட்டது. மூவரில் பட்டாபி சீதாராமையா ஆந்திரர் என்பதையும் நினைவில் வையுங்கள். 1952இல் பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் ஒரு வீட்டில் உண்ணாநோன்பு தொடங்கினார். ஐம்பத்தெட்டு நாள். டிசம்பர் 15 அன்று உயிர் விட்டார். மொழிக்காகச் சோறு துறந்து மாண்டவனை எந்த மொழிக்காரனும் வணங்கத்தான் வேண்டும். நாலாவது நாள் ஆந்திர மாநிலம் அமைப்பதாக நேரு அறிவித்தார். நான்கு ஆண்டு கழித்து 1956இல் நம் சங்கரலிங்கனாரும் விருதுநகரில் அதே வழியில்தான் போனார், தமிழ்நாடு என்ற பெயருக்காக. சாவை எதிரெதிர்த் தட்டில் வைத்து எடை போடுவது நமக்கு அழகல்ல.

பிரிவினை வேலைகளைக் கவனிக்க நீதிபதி வாஞ்சுவை அனுப்பினார்கள். அவர் 1953 தொடக்கத்தில் கொடுத்த அறிக்கை, புது ஆந்திர அரசு தற்காலிகமாகச் சென்னையிலேயே இருக்கலாம் என்றது. தற்காலிகமாக! விருந்தாளி ஒரு நாளைக்கென்று வந்து பாயை விரித்தால் எப்போது சுருட்டுவார் என்று யார் சொல்ல முடியும்? சென்னை கொதித்தது. இங்கேதான் ஒன்றைப் பாருங்கள். அன்று இராஜாஜி முதலமைச்சர். நம் சேலம் நகரசபைத் தலைவராக இருந்து அரசியல் படித்தவர் அவர். சென்னை மேயர் நாற்காலியில் செங்கல்வராயன். எதிர்ப்பக்கம் பெரியார், அண்ணா, கம்யூனிஸ்டுகள். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காதவர்கள், மேடைக்கு மேடை வாரிக்கொண்டவர்கள். ஆனால், சென்னை தமிழருக்கே என்பதில் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள். மாநகராட்சி மன்றத்தில் அங்கம் வகித்த ம.பொ.சி. அங்கே சிறப்புத் தீர்மானம் வருவதற்கு முன்னின்று உழைத்தார். தலையைக் கொடுத்தாவது தலைநகரைக் காப்பது என்று ஊரெல்லாம் முழங்கினார். இராஜாஜி டில்லிக்கு விடாமல் எழுதி அழுத்தம் கொடுத்தார். 1953 மார்ச் 25 அன்று நேரு நாடாளுமன்றத்தில் ஆந்திரத் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேதான் இருக்கும் என்று சொன்னார். சென்னை தப்பியது. ஆந்திரத் தலைநகர் கர்நூலுக்குப் போயிற்று.

தலை தப்பியது, கை மாட்டிக்கொண்டது. மாவட்டங்களைப் பிரிக்கும்போது சித்தூர் மாவட்டத்தை அப்படியே, திருத்தணியும் பள்ளிப்பட்டும் சேர்த்து, ஆந்திரத்தில் வைத்தார்கள். எல்லைச் சிக்கலைப் பிறகு ஒரு கமிஷன் பார்க்கும் என்றார்கள். பிறகு என்ற சொல்லைத் தொழிலாளி நன்றாக அறிவான். கூலி உயர்வு கேட்கப் போனால் முதலாளி வாயில் முதலில் வருகிற சொல் அது!

ம.பொ.சி. பிறகு வரை காத்திருக்கவில்லை. 1953 ஜூலையில் திருத்தணியில் போராட்டம் வெடித்தது. மறியல், கடையடைப்பு, ஊர்வலம். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். ம.பொ.சி.யும் கைதானார். வேடிக்கையைக் கேளுங்கள்: ஆந்திரம் அக்டோபரில்தான் பிறக்கப் போகிறது, ஜூலையில் திருத்தணியில் நடந்தது இன்னும் சென்னை அரசின் ஆட்சி. ஆக, ம.பொ.சி.யைச் சிறையில் வைத்தது அவர் தலைவராகக் கொண்டாடிய இராஜாஜியின் அரசாங்கமே! இருவருக்கும் அதனால் அன்பு முறிந்ததாகத் தெரியவில்லை. இன்னார் ஆட்சி என்று பார்த்து அவர் போராட்டத்தை நிறுத்தவுமில்லை. இந்தப் போராட்டத்தில் சிறைப்பட்ட தோழர்களில் இருவர் உயிர் இழந்தனர். குடும்பம் குட்டி உள்ள எளிய மனிதர்கள். தலைவர்கள் பெயர் தெருவுக்கு வரும், சிலைக்கு வரும். இவர்கள் பெயர் எல்லைப் பக்கத்து ஊர்களிலாவது நிலைக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு குறையையும் மறைக்காமல் எழுத வேண்டும். அதே 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை, அரை நாள் பள்ளி, அரை நாள் குலத்தொழில் என்று நாடே எதிர்த்ததை, ம.பொ.சி. ஆதரித்தார். புத்தகம் வாங்கக் காசின்றிப் படிப்பை இழந்தவர், ஏழைப் பிள்ளையின் அரை நாள் படிப்பு பறிபோவதை எப்படிப் பொறுத்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திராவிட இயக்கத்தோடும் அவர் ஓயாமல் மல்லுக்கு நின்றார். பின்னாளில் 1967இல் அதே இயக்கத்தோடு கூட்டுச் சேர்ந்து தியாகராய நகரில் நின்று வென்றார். மாறினார் என்று ஏசுவோரும் உண்டு, வளர்ந்தார் என்று புகழ்வோரும் உண்டு. எல்லைக் கேள்வியில் மட்டும் அவர் ஒரு நாளும் மாறியதில்லை.

ஆந்திரம் பிறந்துவிட்டது. கமிஷன் வரவில்லை. 1954 போயிற்று, 1955 போயிற்று. இராஜாஜி போய்க் காமராசர் வந்தார். ம.பொ.சி.யோ காங்கிரசை விட்டே வெளியேற நேர்ந்தது. கட்சிக்குள் இருந்துகொண்டு தனிக் கழகம் நடத்தி, சொந்த அரசாங்கத்தையே மறித்தால் எந்தக் கட்சி பொறுக்கும்? அமைச்சர் பதவிக்குப் போகிற பாதையை அவர் திருத்தணிச் சாலையில் தொலைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

தெற்கே அதே காலத்தில் வேறொரு எல்லைப் போர் நடந்தது. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழர்கள் போராடினார்கள். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் தொழிலாளிகளும் குடியானவர்களும் மாண்டார்கள். மொழிவழி மாநிலச் சீரமைப்புக் கமிஷன் 1955இல் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாவும் செங்கோட்டையும் நமக்கு என்றது. தேவிகுளம், பீர்மேடு இல்லை என்றது. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினர் என்பது கணக்கில் இருந்தும், தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் என்று தள்ளிவிட்டார்கள். உழைத்துக் காட்டைத் தோட்டமாக்கியவனுக்கு அந்த மண்ணில் எண்ணிக்கை இல்லையாம்! 1956 பிப்ரவரியில் கட்சி வேற்றுமை பாராமல் தமிழகம் கடையடைத்தும் அது கிடைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது.

குமரி டில்லி தீர்ப்பால் வந்தது. திருத்தணி வந்த வழி வேறு. அந்த வழியைத்தான் இன்று எல்லைத் தகராறு உள்ள மாநிலங்கள் படிக்க வேண்டும்.

ம.பொ.சி.யின் கழகம் விடாமல் கிளர்ச்சி செய்தது. எல்லைப் பகுதி மக்கள் மனு மேல் மனு அனுப்பினார்கள். சென்னை அரசும் ஆந்திர அரசும் கடைசியில் ஒன்றை உணர்ந்தன. வழக்கு மன்றம் போனால் தலைமுறை போகும். தெருவில் விட்டால் இரத்தம் போகும். இரு மாநில அமைச்சர்களும் கலந்து பேசினார்கள். பேச்சில் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்கள். எந்த ஊர் யாருக்கு என்று முதலில் பேசாமல், எந்த அளவுகோலால் அளப்பது என்று முதலில் பேசி முடித்தார்கள். அளவுகோல் ஒத்துக்கொண்ட பிறகு அளக்க ஒரு நடுவர். அவர்தான் எச்.வி. பட்டாஸ்கர். மராட்டியர்; தமிழும் அறியார், தெலுங்கும் அறியார்; மத்திய அரசில் சட்டத் துறை அமைச்சராக இருந்தவர். இரு பக்கமும் அவரை ஒப்புக்கொண்டன.

அந்த அளவுகோல் மூன்று முடிச்சுகளைக் கொண்டது. தாலுகா அல்ல, கிராமமே அளவு. அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று குடிக்கணக்கு சொல்கிறதோ அதுவே முடிவு. மூன்றாவது, அந்தக் கிராமம் தன் மொழி மாநிலத்தோடு நிலத் தொடர்ச்சி உடையதாக இருக்க வேண்டும்.

ஏன் கிராமம்? தாலுகாவை அளவாக வைத்தால் ஒரு பக்கம் கிடக்கும் தெலுங்குக் கிராமம் நாற்பது, தாலுகாவோடு சேர்ந்து தமிழகத்துக்கு வரும். இன்னொரு தாலுகாவில் தமிழ்க் கிராமம் நாற்பது ஆந்திரத்தில் கிடக்கும். இரு பக்கமும் புண். ஏன் தொடர்ச்சி? இல்லாவிட்டால் எல்லைக்கோடு எலி கடித்த வேட்டிக் கரைபோல் ஆகிவிடும். ஓர் ஊருக்குப் போலீசு இங்கிருந்து, பக்கத்து ஊருக்கு அங்கிருந்து என்றால் ஆட்சி நடக்குமா? நெசவாளிக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வோர் இழையையும் எண்ணத்தான் வேண்டும், ஆனால் கரை நேராக ஓட வேண்டும்.

இதிலே கசப்பான பக்கம் உண்டு. அளவுகோல் ஒன்றென்றால் அது நம்மையும் அளக்கும். பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் தெலுங்கு பேசும் கிராமங்கள் இருந்தன. அவற்றைக் கொடுத்தாக வேண்டும். பட்டாஸ்கர் தீர்ப்பு வந்து, 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் செய்து, 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது கணக்கு இப்படி நின்றது: திருத்தணி நகரமும், பள்ளிப்பட்டை உள்ளிட்ட பகுதிகளில் 319 கிராமங்களும் நமக்கு வந்தன. நம்மிடமிருந்து 151 கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. அவற்றில் பெரும்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தவை. மூன்று கிராமங்கள் எந்த மாவட்டம் தெரியுமா? கிருஷ்ணகிரி தாலுகா. அன்றைக்குக் கிருஷ்ணகிரி நம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆம் தோழர்களே, திருத்தணியை மீட்பதற்குச் சேலமும் மூன்று ஊர்களைக் கொடுத்திருக்கிறது! சேலத்துக்காரர் யாரும் அதற்காகத் தடியெடுக்கவில்லை.

ம.பொ.சி. முழு மனத்தோடு மகிழ்ந்தாரா? இல்லை. அவர் கேட்டது வேங்கடம். திருப்பதி வரவில்லை, காளத்தி வரவில்லை, சித்தூர் நகரம் வரவில்லை, புத்தூர் வரவில்லை. பழம்பாட்டன் வரைந்த எல்லையைத் தேடிப் போனவருக்குக் குடிக்கணக்கு வரைந்த எல்லை கிடைத்தது. தணிகை கிடைத்தது, வேங்கடம் போயிற்று என்று கடைசிவரை அவருக்கு ஓர் ஏக்கம் இருந்தது. ஆனால், நடுவர் தீர்ப்பை ஏற்று, கிளர்ச்சியை நிறுத்தி, மற்ற வேலையைப் பார்க்கப் போனார். என் கருத்தில், அவர் வாழ்க்கையில் மிகக் கடினமான காரியம் இதுதான். சிறை போவது அவருக்குப் பழக்கம். கேட்டதில் பாதிக்குமேல் கிடைக்காது என்று தெரிந்தும், அதை ஏற்று ஊர் திரும்பித் தொண்டர் முகத்தைப் பார்ப்பது இருக்கிறதே, அது பழக்கத்தால் வருவதல்ல. தொழிற்சங்கத்தில் ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கதவடியில் நின்றவர்களுக்கு இது தெரியும்.

நூல் நூற்றவர்களுக்கும் தறி போட்டவர்களுக்கும் இந்தக் கோடு என்ன செய்தது? பொதட்டூர்ப்பேட்டை நெசவாளிகள் இந்தப் பக்கம் வந்தார்கள். நகரி, ஏகாம்பரகுப்பம் தறிகள் அந்தப் பக்கம் நின்றன. இரு பக்கமும் ஒரே தொழில், ஒரே பாடு. நூல் விலை ஏறினால் இரு பக்கத் தறியும் நிற்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டைத் தாண்டி இன்றும் நடக்கிறது. எல்லையில் துப்பாக்கி இல்லை. அதுதான் இந்த ஒப்பந்தத்தின் சிறப்பு. கேட்டால் சிறியதாகத் தோன்றும்.

சிறியதா? 2021 ஜூலையில் அசாமும் மிசோரமும் எல்லையில் மோதிக்கொண்டன. ஒரே நாட்டின் இரு மாநிலப் போலீசார் ஒருவரையொருவர் சுட்டு, அசாம் போலீசார் ஆறு பேர் மாண்டனர். சண்டிகார் யாருக்கு என்று 1966இலிருந்து பஞ்சாபும் அரியானாவும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பெல்காமுக்கு மகாஜன் கமிஷன் 1967இல் அறிக்கை தந்தது, மராட்டியம் ஏற்கவில்லை, 2004இல் வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. அளவுகோலை முதலில் ஒத்துக்கொள்ளாத கமிஷனுக்கு நேர்கிற கதி இது. மாறாக, அசாமும் மேகாலயமும் 2022 மார்ச்சில் உட்கார்ந்து பேசி, தகராறுள்ள பன்னிரண்டு இடங்களில் ஆறுக்கு உடன்பாடு கண்டன. ஒரே அசாம்தான். ஒரு பக்கம் சுட்டார்கள், ஒரு பக்கம் பேசினார்கள்.

நம் கதையிலும் பேச்சு அதோடு நிற்கவில்லை. 1953இல் எந்தச் சென்னைக்காகத் தெலுங்கரும் தமிழரும் மல்லுக்கட்டினார்களோ, அந்தச் சென்னையின் தாகம் தீர 1983இல் என்.டி. இராமராவும் எம்.ஜி.ஆரும் ஒப்பந்தம் செய்தார்கள். கிருஷ்ணா நதியிலிருந்து ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தண்ணீர். 1996இல் அது பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது. சொன்ன அளவு எல்லா ஆண்டும் வந்ததில்லை, அது வேறு சண்டை. வந்தது ஆந்திர மண்ணைக் கடந்துதான்.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வைக்கும் தீர்மானத்தை 1967 ஜூலை 18 அன்று அண்ணா சட்டமன்றத்தில் கொண்டுவந்தபோது, அந்த அவையில் ம.பொ.சி. உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். வரதராஜுலு நாயுடுவின் அச்சுக்கூடத்தில் அந்தப் பெயரை ஈய எழுத்தில் கோத்த விரல்கள், அன்று அதற்குக் கை தூக்கின. 1966இல் சாகித்திய அகாதெமிப் பரிசு வள்ளலார் பற்றிய நூலுக்குக் கிடைத்திருந்தது. பிறகு சட்ட மேலவையின் தலைவரானார். 1986இல் மேலவையே கலைக்கப்பட்டபோது அந்த நாற்காலியில் கடைசியாக இருந்தவர் அவர்தான். மூன்றாம் வகுப்பு படித்தவர் அமர்ந்த நாற்காலி அது.

பெரிய மீசை, கதர்ச் சட்டை, கெட்டுப்போன வயிறு இவற்றோடு எண்பத்தொன்பது வயதுவரை வாழ்ந்தார். 1995 அக்டோபர் 3ஆம் நாள் சென்னையில் காலமானார். எல்லைப் போராட்டத்தில் சிறை சென்றவர்களுக்கு எல்லைக் காவலர் என்று பெயர் வைத்துத் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பட்டியல் குறுகிக்கொண்டே வந்தது. தேநீர்க் கடைத் தோழருக்கு இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று: சென்னை சென்ட்ரலில் காலையில் வண்டி ஏறினால், அரக்கோணம் தாண்டி அடுத்தடுத்த நிலையங்களில் திருத்தணி வந்துவிடும். இறங்கும்போது பெயர்ப்பலகையைப் பாருங்கள்.